மனசு சரியில்லை என்றால் சளி பிடிக்குமா?

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். செமஸ்டர் தேர்வு நடக்கும்போதும், முடிந்த கையோடும், விடுதியில் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிவது ஏன்? ஒருவரைக் கேட்டால் "தண்ணி ஒத்துக்கலை" என்பார். இன்னொருவர் "எல்லாம் டென்ஷன்தான்" என்பார். பக்கத்தில் அறிவியல் பிரிவு ஆள் யாராவது இருந்தால், "டென்ஷனால் எப்படிடா சளி வரும்? அது வைரஸால் வருவது" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

யார் சொல்வது சரி? பி.காம். படிக்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்காதீர்கள். படிக்க ஆரம்பித்த பிறகுதான், இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அதில் காலராக் கிருமியைக் குடித்த பேராசிரியர் வருகிறார், இனிப்புத் தண்ணீர் குடித்துச் செத்த எலிகள் வருகின்றன, நம்ம சென்னையும் வருகிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

குடுவையைக் குடித்த பேராசிரியர்

19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், காசநோய் துக்கத்தால் வருகிறது, காதல் தோல்வியால் வருகிறது என்றெல்லாம் நம்பினார்கள். மென்மையான மனசுக்காரர்களைத்தான் அது பிடிக்கும் என்று கதைகளில்கூட எழுதினார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர் அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று கண் முன்னே காட்டினார். அடுத்து எகிப்துக்கும் கல்கத்தாவுக்கும் வந்து, 1884-இல் காலராக் கிருமியையும் அடையாளம் காட்டினார்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. மியூனிக் நகரின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் பெரிய பேராசிரியர். நகர சுகாதாரத்தில் அன்றைக்கு அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு. கிருமி மட்டும் போதாது, நிலமும் பருவமும் ஆளின் உடல்வாகும் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. 1892-இல் ஹாம்பர்க் நகரில் காலரா 8,000 பேருக்கு மேல் பலி வாங்கிய நேரம். அந்த அக்டோபரில், 73 வயதில், காலராக் கிருமி நிறைந்த திரவத்தை அவர் மடக்கென்று குடித்துவிட்டார்! வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, அமிலத்தை முறிக்கச் சோடா உப்பும் சேர்த்துக்கொண்டார்.

அவருக்குச் சில நாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். அவரைப் போலவே குடித்துப் பார்த்த அவருடைய மாணவர் எம்மெரிக் அவரைவிட மோசமாகப் படுத்துவிட்டார். ஆனால் இருவருமே பிழைத்தார்கள்.

கிருமி விஷயத்தில் பெட்டன்கோஃபர் தோற்றார், கோக் ஜெயித்தார். ஆனால் கிழவர் விட்டுப்போன ஒரு கேள்வி அப்படியே நின்றது. கிருமி ஒன்றுதான் என்றால், ஒருவருக்கு லேசாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் வருவது ஏன்? ஒரே வீட்டில், ஒரே காற்றைச் சுவாசிக்கும் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் காசநோய் வருவது ஏன்? சாப்பாடு, வயது, முன்பு வந்த நோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். அந்தப் பட்டியலில் மனசுக்கு இடம் உண்டா?

ஒசாகாவும் பாரிஸும்

இதை அளந்து பார்க்க நினைத்த முதல் சிலரில் ஒருவர், ஜப்பானில் ஒசாகா நகரின் இஷிகாமி என்ற மருத்துவர். காசநோயாளிகளின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியை எவ்வளவு தின்கின்றன என்று கணக்கெடுத்தார். நோயாளி மனக்கொந்தளிப்பில் இருக்கும் நாட்களில் அந்தத் தின்னும் சக்தி குறைவதாக 1919-இல் எழுதினார். நோய் முற்றியவர்களின் பின்னணியில் வியாபார நஷ்டமும் குடும்பச் சண்டையும் அடிக்கடி இருப்பதையும் குறித்துவைத்தார். (வியாபார நஷ்டம்! நம்ம பாடம் கடைசியில் இங்கேயும் வந்துவிட்டது.)

1926-இல் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் மெட்டல்நிகோவ், சோரின் என்ற இருவர் வேறு வழியில் போனார்கள். நாய்க்கு மணியடித்துச் சோறு போட்டு, பிறகு மணியோசைக்கே எச்சில் ஊற வைத்த பாவ்லோவ் கதை நமக்குத் தெரியும். இவர்கள் கினிப் பன்றியின் தோலைச் சொறிந்துவிட்டு, கூடவே பாக்டீரியா ஊசி போட்டார்கள். பல தடவை இப்படிச் செய்த பிறகு, ஊசி போடாமல் வெறுமனே சொறிந்தாலே வெள்ளை அணுக்கள் திரண்டு வந்தன என்று எழுதினார்கள். அதாவது, உடம்பின் காவல்படை ஒரு சமிக்ஞைக்குப் பழகிவிட்டது!

இரண்டும் அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. நோய் எதிர்ப்பு என்பது ரத்தத்துக்குள் தானாக நடக்கும் வேலை, மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதுதான் அன்றைய பாடப்புத்தகம்.

ஸ்ட்ரெஸ் என்ற சொல் வந்த கதை

இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'ஸ்ட்ரெஸ்' மருத்துவத்துக்குள் வந்ததில் ஹான்ஸ் செல்யேவுக்குப் பெரிய பங்குண்டு. கனடாவின் மான்ட்ரியாலில் எலிகளைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், மிதமிஞ்சி ஓட வைத்தார். எதைச் செய்தாலும் எலியின் உடம்பில் ஒரே மாதிரி மூன்று மாற்றங்கள்: சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியது, வயிற்றில் புண் வந்தது, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுருங்கியது. இதை 1936-இல் வெளியிட்டார்.

தைமஸ் எதற்கு இருக்கிறது என்பதே அன்றைக்குச் சரியாகத் தெரியாது. நோய் எதிர்ப்பு அணுக்கள் தயாராகும் பயிற்சிக்கூடம் அது என்று ஜாக் மில்லர் காட்டியது 1961-இல்தான். இதற்கு நடுவில் 1948-இல், அட்ரினல் சுரப்பியின் சரக்கான கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் அதிசயமாகக் குறைந்தது. ஆனால் நோய்த்தொற்றை எதிர்க்கும் சக்தியும் சேர்ந்து குறைந்தது. அடங்கிக் கிடந்த காசநோய் சிலருக்குத் திரும்ப எழுந்தது. ஆக, பயந்தால் மூளை அட்ரினலைத் தட்டி எழுப்புகிறது, அட்ரினலின் சரக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது. ஒரு பாதை கிடைத்துவிட்டது.

தாம்பரம் ரயிலில் போகிறவர்களுக்கு

சென்னையில் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையம் தெரியும். அது ஏன் அந்தப் பெயர் என்று யோசித்திருக்கிறீர்களா? 1928-இல் டாக்டர் சவுரி முத்து அங்கே ஒரு காசநோய் சானடோரியம் ஆரம்பித்தார். அதற்கு முன்பு அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தியவர்; கணித மேதை ராமானுஜன் கொஞ்ச காலம் அங்கே சிகிச்சையில் இருந்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, பால், முட்டை, முழு ஓய்வு, நிம்மதியான மனசு: இவைதான் சிகிச்சை. பணம் இருப்பவனுக்கு இது சரி. ஆறு பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் இருப்பவன் எங்கே போவான்? வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாதவன் எப்படி 'நிம்மதியாக' இருப்பான்?

1950-களில் ஐசோனியசிட் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து செய்த வேலை. அங்கே 193 நோயாளிகளை, சீட்டுக் குலுக்குவது போல, இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு தங்கள் வீட்டிலேயே, அதே நெருக்கடி, அதே கஞ்சி. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

முடிவு 1959-இல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியக்காரர்கள் அளவுக்கே குணமானார்கள்! வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் முறை வந்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இந்த ஆய்வு மனசைத் தனியாக அளக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்கிறது. சரியான மருந்து உள்ளே போய்விட்டால், ஓய்வும் காற்றும் நிம்மதியும் மேற்கொண்டு சேர்ப்பது கொஞ்சம்தான். மருந்து இல்லாத காலத்தில் அந்தக் கொஞ்சம்தான் எல்லாமுமாகத் தெரிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனிப்புத் தண்ணீரும் செத்த எலிகளும்

1970-களில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஏடர் என்ற உளவியலாளர் இருந்தார். எலிகளுக்கு சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, உடனே குமட்டல் தரும் ஒரு மருந்தை ஊசியில் போட்டார். எலிகள் இனிப்பை வெறுக்கக் கற்றுக்கொண்டன. பிறகு ஊசியை நிறுத்திவிட்டு இனிப்பை மட்டும் கொடுத்து, எத்தனை நாளில் மறக்கின்றன என்று பார்த்தார். சாதாரண ஆராய்ச்சிதான்.

ஆனால் எலிகள் சாக ஆரம்பித்தன! அதிலும், முதலில் நிறைய இனிப்புத் தண்ணீர் குடித்த எலிகள்தான் அதிகம் செத்தன. ஏடர் தேடிப் பார்த்தபோது, குமட்டலுக்காகப் போட்ட சைக்ளோபாஸ்பமைடு என்ற அந்த மருந்து, எதிர்ப்புச் சக்தியையும் அடக்கக்கூடியது என்று தெரிந்தது. அப்படியானால், எலியின் உடம்பு இனிப்புச் சுவையையே மருந்தாக எடுத்துக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துக்கொள்கிறதோ?

எதிர்ப்பாற்றல் நிபுணர்கள் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று படித்தவர்கள் ஆயிற்றே. ஏடர் அந்தப் பாடத்தைப் படிக்காதவர் என்பதால் கேட்டுவிட்டார் :-) நிக்கோலஸ் கோஹன் என்ற எதிர்ப்பாற்றல் நிபுணரோடு சேர்ந்து முறையாகச் சோதித்து, 1975-இல் வெளியிட்டார். இனிப்பை மட்டும் குடித்த எலிகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்மையிலேயே குறைந்திருந்தது. 1926-இன் கினிப் பன்றிகளுக்கு ஐம்பது வருடம் கழித்து ஒரு துணை கிடைத்தது.

பலர் நம்பவில்லை. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் டேவிட் ஃபெல்டன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் மண்ணீரல் போன்ற எதிர்ப்பு உறுப்புகளுக்குள் நரம்பு இழைகள் வந்து, வெள்ளை அணுக்களின் பக்கத்திலேயே முடிவதைக் கண்டார்கள். 'தொடர்பே இல்லை' என்ற இடத்தில் கம்பி இழுத்து இணைப்பே கொடுத்து வைத்திருக்கிறது உடம்பு!

சளி பிடிக்கப் போன விடுமுறை

எலி சரி, மனிதன்? இங்கிலாந்தில் சால்ஸ்பரி ஊருக்குப் பக்கத்தில் 1946 முதல் ஒரு சளி ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தன்னார்வலர்கள் பத்து நாள் இலவசமாகத் தங்கலாம், சாப்பாடு உண்டு, மூக்கில் வைரஸ் சொட்டு விடுவார்கள். பலர் அதை ஒரு விடுமுறை மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளரும் நிலையத்தின் தலைவர் டேவிட் டைரலும் சேர்ந்து அங்கே செய்த ஆய்வு 1991-இல் வெளியானது. 394 பேருக்கு ஐந்து வகை வைரஸ்களில் ஒன்று (அதில் ஒன்று பழைய, சாதாரண வகைக் கொரோனா வைரஸ்). 26 பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். வைரஸ் விடுவதற்கு முன்பே, அவரவர் வாழ்க்கையில் எவ்வளவு நெருக்கடி என்று கேட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள்.

மிகக் குறைந்த மன அழுத்தம் உள்ளவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. மிக அதிகம் உள்ளவர்களில் சுமார் 47 சதவீதம். புகை, மது, தூக்கம், சாப்பாடு, வயது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் போகவில்லை.

புள்ளியியல் பேப்பர் எழுதியவர்கள் இந்த இரண்டு எண்ணையும் இன்னொரு தடவை பாருங்கள். நிம்மதியாக இருந்தவர்களிலும் 27 பேருக்குச் சளி. கவலையில் மூழ்கியவர்களிலும் 53 பேருக்குச் சளி இல்லை. மனசு மூக்குக்குள் வைரஸைக் கொண்டுவரவில்லை. வைரஸ் வந்த பிறகு தராசை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்க்கிறது. அந்தச் சாய்வு சின்னது இல்லை, ஆனால் அதுவே தராசும் இல்லை.

கோஹன் பிறகு அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில் இன்னும் சில விவரங்கள் கிடைத்தன. ஒரு மாதத்துக்குக் குறைவான சிக்கல்கள் பெரிதாகப் பாதிப்பதில்லை. வேலையில்லாமை, வீட்டில் ஓயாத சண்டை போன்ற நீண்ட நாள் பிரச்சினைகள்தான் பாதிக்கின்றன. 2012-இல் அதற்கான காரணமும் ஓரளவு தெரிந்தது. நீண்ட நாள் நெருக்கடியில் அணுக்கள் கார்ட்டிசாலின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. தினமும் கத்தும் வாத்தியாரை வகுப்பு கண்டுகொள்ளாமல் விடுவது மாதிரி! அப்போது அழற்சியை அடக்க ஆளில்லாமல் மூக்கு ஒழுகுகிறது.

தேர்வு எழுதுகிற நமக்கு

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர், ரொனால்ட் கிளேசர் என்ற தம்பதி, 1980-களிலிருந்து மாணவர்களையே ஆய்வு செய்தார்கள். மருத்துவ மாணவர்களின் ரத்தத்தைத் தேர்வு சமயத்தில் எடுத்தபோது, வைரஸ் தொற்றிய அணுக்களைக் கொல்லும் ஒரு வகை வெள்ளை அணுவின் வேலை குறைந்திருந்தது.

1998-இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியம். 11 பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னக் காயம் போட்டார்கள், விடுமுறையில் ஒரு தடவை, தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஒரு தடவை. தேர்வு நேரக் காயம் ஆற சராசரியாக மூன்று நாள், அதாவது 40 சதவீதம், அதிகம் பிடித்தது. 11 பேர் என்பது மிகச் சின்ன சாம்பிள்தான். ஆனால் பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட தேர்வு நேரத்தில் காயம் சீக்கிரம் ஆறவில்லை.

தூக்கமும் சேர்த்தி. 2015-இல் வெளியான ஆய்வில் 164 பேருக்குச் சளி வைரஸ் கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. விடிய விடியப் படிக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

கதையின் மறுபக்கம்

இத்துடன் முடித்தால் "பார்த்தாயா, எல்லாம் மனசுதான்" என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் அல்சர் கதையையும் சொல்ல வேண்டும்.

பல பத்தாண்டுகளாக இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் டென்ஷன் என்பது மருத்துவ உலகின் பொதுக்கருத்து. 'கவலையைக் குறை, காரத்தைக் குறை' என்று நோயாளியையே திருத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் 1982-இல் இரைப்பைக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1984-இல் மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமியை எடுத்துக் குடித்தார்! சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

1892-இல் ஒருவர், கிருமி மட்டும் போதாது என்று காட்டக் குடித்தார். 1984-இல் ஒருவர், கிருமிதான் காரணம் என்று காட்டக் குடித்தார். இடையில் எத்தனை லட்சம் பேர், ஒரு சில வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுத் தீர்த்திருக்கக்கூடிய நோயை, "நான் கவலைப்படுகிற ஜாதி" என்று சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள்!

அதற்காக மனசுக்கு அங்கே இடமே இல்லை என்றும் ஆகிவிடவில்லை. அந்தப் பாக்டீரியா இருக்கும் பெரும்பாலானவர்களுக்குப் புண் வருவதே இல்லை. 1995-இல் ஜப்பானின் கோபே நகரில் பெரும் நிலநடுக்கம் வந்த பிறகு, ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் கூடின. அவர்களில் மிகப் பலருக்கு வயிற்றில் அந்தக் கிருமி இருந்தது. கிருமி தயாராக இருந்தது, அதிர்ச்சி தள்ளிவிட்டது. பெட்டன்கோஃபரின் கேள்வி திரும்பவும் வந்து நிற்கிறது பாருங்கள்.

என் கருத்து

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். மனசுக்கும் நோய்த்தொற்றுக்கும் தொடர்பு உண்டு. அது அளந்து பார்த்த உண்மை. ஆனால் அது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும் ஒரு காரணம். நோயைக் கொண்டுவரும் முதலாளியும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை.

இந்த வித்தியாசம் வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு டி.பி. வந்தபோது, "எந்நேரமும் எதையாவது நெனச்சுக் கவலைப்பட்டா, அதான் வரவழைச்சுக்கிட்டா" என்று உறவினர்களே பேசினார்கள். இருமலோடு இந்தப் பழியையும் அவர் சுமந்தார். இன்னொரு உறவினர் வந்து, "மனசைத் தைரியமா வெச்சுக்கோ, இவ்வளவு மாத்திரை எதுக்கு?" என்றார். முதல் பேச்சு கொடுமை, இரண்டாவது ஆபத்து. நல்லவேளை, அக்கா ஆறு மாத மாத்திரையையும் விடாமல் முடித்தார், குணமானார்.

அதே சமயம் அந்த ஆறு மாதமும் தினமும் சாயங்காலம் அவரோடு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆயாவையும் நான் மறக்கவில்லை. ஆயாவின் பேச்சு எத்தனை கிருமியைக் கொன்றது என்று எந்த ஆய்வும் சொல்லாது. ஆனால் மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டும் நாட்களிலும் "போட்டியா கண்ணு?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். மனசின் வேலை பல நேரம் இப்படி, மருந்துக்கு எதிராக இல்லாமல், மருந்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, விடுதிச் சளிக்கு வருவோம். டென்ஷன் என்று சொன்னவரும் வைரஸ் என்று சொன்னவரும், இருவருமே பாதி சரி. "தண்ணி ஒத்துக்கலை" என்றவருக்கு மட்டும் மதிப்பெண் இல்லை :-) அடுத்த தேர்வுக்கு முந்தின நாள் ஆறு மணி நேரமாவது தூங்குங்கள், சளி பிடித்த அறைத்தோழனின் துண்டை எடுக்காதீர்கள்.

பின்குறிப்பு: மருத்துவம், உயிரியல் படிக்கும் நண்பர்கள் யாராவது இதில் விட்டுப்போனதைப் பின்னூட்டத்தில் சொன்னால் சந்தோஷப்படுவேன். அடுத்த பதிவு பழையபடி நம்ம ஏரியா: நாணயத்தின் கதை.